சொந்த விமானத்தையே கொளுத்துவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் விமானங்களைப் பற்றிப் படிப்பதும் எழுதுவதும் என் பழக்கம். அதனால் எங்காவது ஒரு படை தன் ஹெலிகாப்டரைத் தானே வெடிவைத்துத் தகர்த்தது என்று செய்தி வந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய விமானத்தைத் தாங்களே கொளுத்துவார்களா? பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே!

விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எதிரியின் நிலத்தில் விழுந்து, திரும்பக் கொண்டுவர வழியில்லாத விமானத்தின் விலை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அது எதிரிக்கு எவ்வளவு லாபம்? உள்ளே இருக்கும் ரகசியக் கருவி, கழற்றிப் பயன்படுத்தக்கூடிய ஆயுதம், உதிரிப் பாகம், அப்புறம் அதன்மேல் ஏறி நின்று எடுக்கும் வெற்றிப் புகைப்படம், எல்லாமே லாபம்தான்.

அந்த லாபம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு 1944-ஐப் பார்க்கலாம். ஜப்பானைத் தாக்கப்போன அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களில் மூன்று, பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் சோவியத்தின் விளாடிவோஸ்டாக் பக்கம் இறங்கின. ஜெர்மனிக்கு எதிரான போரில் சோவியத் நட்பு நாடு, அதனால் விமானிகள் எதையும் உடைக்கவில்லை. ஆனால் ஜப்பான் விஷயத்தில் அந்த நாடு அப்போது நடுநிலை. ஆட்களை ஒருவழியாக அனுப்பிவைத்தார்கள், விமானங்களைத் தரவில்லை. சோவியத் விமான வடிவமைப்பாளர் துபோலெவின் நிலையம் அவற்றில் ஒன்றை ஆணி ஆணியாகப் பிரித்து அளந்தது. 1947-ல் டியூ-4 என்ற பெயரில் அச்சு அசல் பி-29 மாஸ்கோ வானத்தில் பறந்தது.

அதுதான் விழுந்து நொறுங்கிவிட்டதே, அதில் அப்படி என்ன மிஞ்சியிருக்கும்?

நாம் நினைப்பதைவிட நிறைய மிஞ்சும். ரேடாரில் சிக்காத விமானமென்றால் அதன் மேற்பூச்சில் ஒரு கைப்பிடி கிடைத்தாலே ஆய்வுக்கூடத்துக்குத் தீனி. சங்கேதப் பேச்சுக்கான ரேடியோ, 'நான் உங்கள் ஆள்தான்' என்று தன் படைக்கு அடையாளம் காட்டும் கருவி, எதிரி ரேடாரைக் குழப்பும் மின்னணுப் பெட்டி, இவையெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்னப் பெட்டிகள். இறக்கையும் வாலும் பிய்ந்துபோனாலும் இவை பிழைத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை மேக்னட்ரானுடையது. 1940-ல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தச் சாதனம்தான் விமானத்துக்குள் அடங்கும் துல்லியமான ரேடாரைச் சாத்தியமாக்கியது. பார்த்தால் துளைகள் போட்ட செம்புக் கட்டை, அவ்வளவுதான். சிக்கலும் அதுவேதான். விமானம் விழுந்தால் அது மட்டும் அழிந்துபோகும்படி வெடிமருந்து வைக்க முடியுமா என்று சோதித்தார்கள். ஒரு விமான உடலில் வைத்து வெடித்தபோது பெரிய ஓட்டை விழுந்தது. ஆனால் செம்புக் கட்டையின் துண்டுகள் இன்னதென்று அடையாளம் தெரியும் அளவுக்குத் தப்பிவிட்டன. இதை எதிரி நிலத்தின்மேல் கொண்டுபோகலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் மேக்னட்ரானில் இயங்கும் எச்2எஸ் ரேடாருடன் 1943 ஜனவரி 30 இரவு முதன்முதலாக ஹாம்பர்க்கின்மேல் பறந்தார்கள். பிப்ரவரி 2 இரவு ஒரு ஸ்டெர்லிங் விமானம் ராட்டர்டாம் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது, கட்டை ஜெர்மானியர் கைக்குப் போனது. பயந்தது நடக்க நாலு நாள்கூட ஆகவில்லை.

உடைப்பதற்குப் பதில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே?

முதலில் அதைத்தான் யோசிப்பார்கள். சண்டை ஓய்ந்த இடமாக இருந்தால் மீட்புக் குழு போகும். பெரிய சினூக் ஹெலிகாப்டர் சின்ன ரகமான பிளாக் ஹாக் ஹெலிகாப்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டே தூக்கிவரும். கடலில் விழுந்தாலும் விடுவதில்லை. 2022 ஜனவரியில் தென் சீனக் கடலில் கார்ல் வின்சன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி நீரில் விழுந்த எஃப்-35சி விமானத்தை, சுமார் 3,780 மீட்டர் ஆழத்திலிருந்து மார்ச் மாதம் மேலே இழுத்தார்கள்.

தூக்கிவர மூன்று வேண்டும்: நேரம், பாதுகாப்பு, தூக்குவதற்கான வண்டி. எதிரி சுட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் ஒரு இயந்திரத்துக்காக இன்னும் பத்துப் பேரை இறக்குவதா என்று வரும்போதுதான் வெடிமருந்துப் பையைத் திறக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் அந்த பிரிட்டிஷ் எஃப்-35 ஒரு மாதத்துக்கு மேல் நின்றதே, அதை ஏன் அழிக்கவில்லை?

நகைச்சுவையாகக் கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பலர் நிஜமாகவே கேட்டார்கள். 2025 ஜூன் 14 அன்று இறங்கி, பழுதாகி, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. நட்பு நாட்டு விமான நிலையம், பழுது பார்க்கக்கூடிய கோளாறு. பிரிட்டனிலிருந்து பொறியாளர்கள் வந்து சரிசெய்து பறக்கவிட்டார்கள். மேலே சொன்ன மூன்றும் கைவசம் இருந்த இடம் அது.

இதை யார் முடிவு செய்வது? பைலட்டே தீ வைத்துவிடலாமா?

பொதுவாகக் களத்துக்குப் பொறுப்பான தளபதியின் அதிகாரம் அது. நடவடிக்கைக்குக் கிளம்பும் முன்பே 'விழுந்தால் என்ன செய்வது' என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். எதை முதலில் அழிப்பது, எதைக் கடைசியில் அழிப்பது என்று வரிசையாகச் சொல்லும் கையேடே அமெரிக்கத் தரைப்படையில் உண்டு.

விமானம் திரும்பாது என்று தெரிந்தே கொண்டுபோனதும் உண்டு. 1970 நவம்பரில், வட வியட்நாமின் சான் டே சிறையிலிருந்து அமெரிக்கக் கைதிகளை மீட்கப் போனார்கள். சிறை முற்றம் சின்னது, மரங்கள் வேறு. அதனால் ஒரு எச்எச்-3 ஹெலிகாப்டரை வேண்டுமென்றே அந்த முற்றத்துக்குள் மோதி இறக்குவது, கிளம்பும்போது வெடிவைத்துவிடுவது என்பதுதான் திட்டம். அப்படியே செய்தார்கள். கைதிகளை ஜூலையிலேயே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

சினிமாவில் காட்டுகிற மாதிரி சிவப்பு பட்டன் எதுவும் இல்லையா?

ஆள் ஏறும் சாதாரணப் போர் விமானத்தில் விமானத்தையே வெடிக்கவைக்கும் பட்டன் கிடையாது. யோசித்துப் பாருங்கள்: தினமும் குலுங்கிக் குலுங்கிப் பறக்கும் வண்டிக்குள், தவறாக வெடித்தால் நம் ஆளையே கொல்லும் குண்டை யார் வைத்துக்கொண்டு உட்காருவார்கள்? குறிப்பிட்ட கருவிக்குள் சின்ன வெடி வைத்தது உண்டு. இரண்டாம் உலகப் போரில் அடையாளம் காட்டும் கருவிகளில் அப்படி இருந்தது. 1960-ல் சோவியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யூ-2 உளவு விமானத்திலும் ஒரு கிலோ சொச்சம் வெடிமருந்து இருந்தது. அது கேமராவைக் கெடுக்கத்தான் போதும். சுழன்று விழுந்துகொண்டிருந்த விமானத்தில் அந்த ஸ்விட்ச் தனக்கு எட்டவில்லை என்றார் விமானி கேரி பவர்ஸ்.

இன்றைய பட்டன் வேறு வகை. சங்கேத ரேடியோவில் உள்ள ரகசியச் சாவிகளை, அதாவது பேச்சைப் பூட்டித் திறக்கும் குறியீடுகளை, ஒரே அழுத்தில் அழித்துவிடும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் மொத்த வேலையில் மிக முக்கியமான நொடி அதுதான். ரேடியோ எதிரி கைக்குப் போனாலும் அது வெறும் பெட்டி.

அப்படியானால் மிச்சத்தை எதை வைத்து அழிக்கிறார்கள்?

கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு: வெடிமருந்து, தெர்மைட் (அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த கலவை). கையெறிகுண்டு வடிவில் வரும் தெர்மைட்டைப் பலர் வெடிகுண்டு என்றே நினைக்கிறார்கள். அது வெடிக்காது, எரியும். சுமார் 40 விநாடி, 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில். விமானத்தின் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். தெர்மைட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருப்பதால் மண்ணைப் போட்டு மூடினாலும் அணையாது. உருகிய இரும்பு எந்தப் பெட்டியின்மேல் விழுகிறதோ அதற்குள் வழிந்து இறங்கும். ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸ் போன்ற இடங்களில் மக்னீசியக் கலவை இருந்தால் அதுவும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். அப்புறம் அதை அணைப்பது லேசான காரியமில்லை.

மூன்றாவது வழி, ஆட்கள் விலகிய பின் வானிலிருந்து குண்டு போடுவது. 2017 ஜனவரியில் ஏமனில் ஒரு திடீர்த் தாக்குதலின்போது அமெரிக்காவின் ஆஸ்ப்ரே விமானம் தடாலென்று இறங்கிச் சேதமானது. ஆட்களை வேறு விமானத்தில் ஏற்றிவிட்டு, ஆஸ்ப்ரேயைக் குண்டு வீசி அழித்தார்கள்.

கையில் வெடிமருந்தே இல்லையென்றால்?

காபி இருக்கிறது. கேலி இல்லை. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவருகே அமெரிக்க ஈபி-3 உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்துபோனார். அமெரிக்க விமானம் தட்டுத்தடுமாறி சீனாவின் லிங்ஷுயி தளத்திலேயே இறங்கியது. உள்ளே 24 பேர், விமானம் நிறைய ஒட்டுக்கேட்கும் கருவிகள். மோதலுக்கும் இறங்குவதற்கும் இடையே கிடைத்தது அரை மணி நேரம்கூட இல்லை. கோடரியால் கணினிகளைக் கொத்தினார்கள், அப்போதுதான் போட்ட காபியைக் கருவிகளுக்குள் ஊற்றினார்கள், காகிதங்களைக் கையால் கிழித்தார்கள். இறங்கிய பின்னும், வெளியே துப்பாக்கியோடு நின்ற வீரர்கள் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருக்க, சுமார் கால் மணி நேரம் உடைத்தபடியே இருந்தார்கள்.

எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எதை எப்படி உடைப்பது என்று அவர்களுக்கு முறையான பயிற்சியே தரப்பட்டிருக்கவில்லை. மேலே சொன்ன கையேடு அலமாரியில் இருந்தால் போதாது, பழகிய கை வேண்டும். ஆட்கள் பத்து நாட்களுக்கு மேல் காவலில் இருந்து திரும்பினார்கள். விமானம் ஜூலையில், துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு ரஷ்யச் சரக்கு விமானத்தில் வந்து சேர்ந்தது.

அபோட்டாபாத்தில் வெடிவைத்தும் வால் மட்டும் எப்படித் தப்பியது?

2011 மே 2, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டின்மேல் வந்த இரண்டு அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஒன்று முற்றத்தின்மேல் நிற்க முயன்றபோது தன் விசிறிக் காற்றிலேயே சிக்கிக் கீழே சரிந்தது. ஒத்திகை பார்த்த இடத்தில் சுற்றுச் சுவருக்குப் பதில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலியில் காற்று புகுந்து வெளியேறும். நிஜச் சுவர் சில இடங்களில் 18 அடி உயரம், காற்று உள்ளேயே சுழன்றது. சரிந்த ஹெலிகாப்டரின் வால் சுவரின்மேல் மாட்டிக்கொண்டது.

கிளம்பும்போது உடல் பகுதிக்கு வெடிவைத்தார்கள், அது கருகிப்போனது. வாலோ சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. விடிந்ததும் ஊரே கூடிவிட்டது. வழக்கமான பிளாக் ஹாக்கில் பார்க்காத, மூடி போட்ட வால் விசிறியின் படங்கள் உலகம் சுற்றின. அதுவரை இப்படி ஒரு ரகம் இருப்பதே வெளியே தெரியாது. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். கருவிகள் உடல் பகுதியில்தான் இருந்திருக்கும். ஆனால் ரகசியமாக வைத்திருந்த வடிவம் வெளிப்பட்டுவிட்டது, அதையும் மறுக்க முடியாது. மிச்சத்தைப் பாகிஸ்தான் அதே மாதம் திருப்பித் தந்தது.

1980-ல் ஈரான் பாலைவனத்தில் மட்டும் ஏன் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்?

தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதிகளை மீட்க அமெரிக்கப் படை போன நடவடிக்கை அது. போதுமான ஹெலிகாப்டர்கள் நல்ல நிலையில் வந்து சேராததால் நடுவழியிலேயே கைவிட முடிவு செய்தார்கள். திரும்பக் கிளம்பும் இருட்டில், புழுதியில், ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் நிறைந்த சி-130 விமானத்தின்மேல் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். தீ, அதில் வெடித்துச் சிதறும் தோட்டாக்கள். பக்கத்தில் நின்ற மற்ற ஐந்து ஹெலிகாப்டர்களின் ஆட்களும் கிடைத்த விமானத்தில் ஏறித் தப்பினார்கள்.

ஐந்தும் அங்கேயே நின்றன, உள்ளே ரகசியக் காகிதங்களோடு. விடிந்ததும் ஈரானுக்குக் கொண்டாட்டம். புரட்சிக்கு முன்பே அதே ரக ஹெலிகாப்டர்களை அமெரிக்காவிடம் வாங்கியிருந்த நாடு அது, ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அழிப்பதற்கான திட்டம், அதைச் செய்ய ஒருவர் நிதானமாக நடந்துபோகும் நிலையில் இருப்பார் என்று நம்பித்தான் எழுதப்படுகிறது. அந்த இரவில் அந்த நிதானம் யாருக்கும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செர்பியாவில் விழுந்த எஃப்-117 மேல் ஒரு குண்டு போட்டிருந்தால் முடிந்திருக்குமே?

ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்கப் போர் விமானம் அது. 1999 மார்ச் 27 இரவு புட்ஜனோவ்சி கிராமத்தருகே விழுந்தது. விமானியை அமெரிக்கர்கள் அன்றிரவே மீட்டுவிட்டார்கள். ஆனால் காலையில் அந்த இறக்கையின்மேல் கிராமத்து மக்கள் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள், தொலைக்காட்சிக் கேமராக்களும் வந்துவிட்டன. அந்த நேரத்தில் குண்டு போட்டால் செத்த விமானத்தோடு செத்த மக்களும் செய்தியில் வருவார்கள். துண்டுகள் இன்று பெல்கிரேட் விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குண்டு போடுவது என்றால் கூட்டம் சேரும் முன் போட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

காபூலில் 73 விமானங்களை அழித்ததாகச் சொன்னார்கள். ஆனால் படங்களில் எல்லாம் முழுசாக நிற்கின்றனவே?

அழிப்பது வேறு, முடமாக்குவது வேறு. 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறியபோது அமெரிக்கப் படை காபூல் விமான நிலையத்தில் செய்தது இரண்டாவது. 'இவை இனி ஒருபோதும் பறக்காது' என்று அமெரிக்கத் தளபதி மெக்கன்சி சொன்னார். பல விமானங்கள் முன்பே ஓட்டத்துக்கு லாயக்கில்லாமல்தான் இருந்தன. மக்கள் நெரிசலோடு வெளியேற்றம் நடக்கும் ஓடுதளத்தின் பக்கத்தில் எழுபது விமானங்களைக் கொளுத்த முடியாது. அதனால் காக்பிட் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு விமானத்தில் திரையையும் இன்னொன்றில் இன்ஜினையும் உடைத்தால், எதிரி இரண்டையும் சேர்த்து ஒன்று செய்துகொள்வான். அதனால் ஒரே ரகமென்றால் எல்லாவற்றிலும் ஒரே பாகத்தைத்தான் உடைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஈரானில் நின்ற ஐந்தையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், அது உதிரிப்பாகக் கடையையே திறந்து வைத்த மாதிரி.

ட்ரோனுக்கும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு ரீப்பர் ட்ரோன் எல்லை தாண்டப் போனது. அமெரிக்க எஃப்-15 ஒன்றே அதைச் சுட்டு வீழ்த்தியது. உள்ளே ஆள் இல்லாததால் முடிவு சுலபம்.

நடுநிலை நாட்டில் போய் விழுந்தால்?

அங்கே மறைக்க வேண்டியது கருவியை மட்டுமல்ல, வந்த காரியத்தையும். 1982 மே மாதம் ஃபாக்லாந்து போரின்போது, அர்ஜென்டினா தளம் ஒன்றை வேவு பார்க்கும் வீரர்களோடு ஒரு பிரிட்டிஷ் சீ கிங் ஹெலிகாப்டர் கிளம்பியது. கப்பலுக்குத் திரும்ப எரிபொருள் பற்றாது, ஒருவழிப் பயணம்தான். மூடுபனியில் திட்டம் குலைந்து வீரர்களை வேறு இடத்தில் இறக்கிவிட்டு, ஹெலிகாப்டர் குழுவினர் மூவர் மட்டும் சிலியின் பூன்டா அரினாஸ் அருகே கடற்கரைக்கு வந்தார்கள். தண்ணீரில் மூழ்கடிப்பதுதான் யோசனை. ஆனால் சீ கிங்கின் அடிப்பகுதி படகு மாதிரி, மிதப்பதற்கென்றே செய்தது. மூழ்க மறுத்துவிட்டது. கரையில் இறக்கிக் கொளுத்தினார்கள். சில நாள் ஒளிந்திருந்துவிட்டு, சிலி அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். கருகிய எலும்புக்கூட்டின் படம் பத்திரிகைகளில் வந்தது. பிரிட்டன் பட்டும் படாமல் ஏதோ விளக்கம் சொல்லி முடித்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரையும் இப்படிக் கொளுத்தலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

தன் போர் விமானத்தைத் தானே அழிப்பதைப் போர்ச் சட்டம் தடுக்கவில்லை. மருத்துவத்தில்தான் கோடு போட்டிருக்கிறார்கள். 1949-ன் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை 33-வது பிரிவு, மருத்துவப் பிரிவுகளின் பொருட்களை வேண்டுமென்றே அழிக்கக் கூடாது என்கிறது. எதிரி கைக்குப் போனாலும் அவை காயம்பட்டவர்களுக்குப் பயன்பட வேண்டும். அதற்காக அந்த ஹெலிகாப்டரின் ரேடியோவில் உள்ள ரகசியச் சாவிகளையும் விட்டுவைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை என்பது என் புரிதல்.

பைலட் உள்ளேயே இருந்தால்? உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார்கள், கொஞ்சம் தயங்கி. 1942 ஜூன் 4, அலாஸ்காவின் டட்ச் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய ஸீரோ விமானங்களில் ஒன்றின் எண்ணெய்க் குழாயில் குண்டு பட்டது. ஓட்டியவர் டாடாயோஷி கோகா. அவசரத்துக்கு இறங்க அகுடான் தீவை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார்கள், மீட்க ஒரு நீர்மூழ்கியும் காத்திருந்தது. மேலிருந்து பார்க்கப் பச்சைப் புல்வெளி. சக்கரத்தை இறக்கிப் போனார். புல்லுக்கு அடியில் சேறு. சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

கூட வந்த இருவரும் மேலே வட்டமிட்டார்கள். எதிரி நிலத்தில் விழுந்த ஸீரோவைச் சுட்டுக் கொளுத்த வேண்டும் என்பது கட்டளை. கவிழ்ந்த விமானத்துக்குள் கோகா உயிரோடு இருக்கலாம் என்று நினைத்துச் சுடாமல் போனார்கள். அவர் இறந்துவிட்டிருந்தார். ஜூலை 10 அன்று ஒரு அமெரிக்க ரோந்து விமானம் அதைக் கண்டுபிடித்தது. பெரிய சேதமில்லாத ஸீரோ சான் டியாகோவுக்குப் போய், செப்டம்பரில் அமெரிக்க விமானிகள் கையில் பறந்தது. வேகம் கூடினால் அதன் இறக்கைக் கட்டுப்பாடு இறுகும், வலப்பக்கம் புரள்வது மெதுவாகும், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் தடுமாறும் என்பதெல்லாம் அப்போதுதான் எழுத்தில் வந்தது. அந்தக் குறிப்பு பசிபிக் முழுவதும் விமானிகளுக்குப் போனது.

அந்த இருவர் செய்தது தப்பா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை.